அறிவிப்பாளர் பீட்டரின் தொண்டை

பீட்டர் சவரிமுத்துவுக்கு யாரையும் லேசில் நம்பிவிட முடியாது. சௌரஸ்தா பசாரில் மீன் வாங்கப் போனால் ஒரு கடையில் செவுளைத் தூக்கிப் பார்ப்பான், பக்கத்துக் கடையிலும் பார்ப்பான், மறுபடி முதல் கடைக்கே வந்து, அதற்குள் மீனை மாற்றிவிட்டார்களோ என்று இன்னொரு முறை பார்ப்பான். ஜெலுத்தோங் அடுக்குமாடியில் மனைவி மோனிக்கா கதவைப் பூட்டிவிட்டேன் என்று சொன்னால், லிஃப்ட்டுக்குப் போனவன் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் போவான்.

"நீங்க போலீஸ்ல சேர்ந்திருக்கணும்" என்பாள் அவள்.

ஆனால் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டால் அவன் வேறு ஆள். வார நாட்களில் கப்பல் சரக்கு அனுப்பும் கம்பெனியில் குமாஸ்தா. சனி ஞாயிறுகளில் கல்யாணம், பிறந்தநாள், காதுகுத்து, கோயில் விருந்து எல்லாவற்றுக்கும் அறிவிப்பாளர். பினாங்குத் தீவிலும் பாலத்துக்கு அந்தப் பக்கம் அக்கரையிலும் அவனை 'மைக் பீட்டர்' என்றால்தான் தெரியும். மண்டபத்தின் கடைசி மேசையில் கோழி கடித்துக்கொண்டிருப்பவனும் நிமிர்ந்து பார்க்கிற மாதிரியான கனத்த குரல். "மணமக்கள் வருகிறார்கள்" என்று அவன் இழுத்துச் சொன்னால், வாசலில் நிற்கும் மாப்பிள்ளைக்கே ஒரு கம்பீரம் வந்துவிடும்.

ஒலிபெருக்கிக்கு யுகேந்திரன். பைராம் தோட்டத்தில் பிறந்து, பட்டர்வொர்த்தில் கடைவீடு எடுத்து, ஸ்பீக்கர், லைட், வயர் என்று ஒரு வேன் நிறைய வைத்திருப்பவன். பீட்டரைவிட ஐந்தாறு வயது இளையவன். இருவரும் சேர்ந்து போகாத மண்டபம் கிடையாது. நிகழ்ச்சிக்கு நடுவே யுகேந்திரன் தன் பிளாஸ்க்கிலிருந்து இஞ்சித் தண்ணீர் ஊற்றிக் கொடுப்பான், பீட்டர் குடிப்பான். அவன் கேள்வி கேட்காமல் வாங்கிக் குடித்த ஒரே பானம் அதுதான்.

ஒரு வருஷம் பீட்டரின் தொண்டை மக்கர் பண்ண ஆரம்பித்தது. முதலில் எச்சில் விழுங்கும்போது முள் குத்துவதுபோல ஒரு வலி. சாயங்காலத்துக்குள் காய்ச்சல். கண்ணாடி முன் நின்று கைப்பேசி வெளிச்சத்தை அடித்துப் பார்த்தால், உள்நாக்கின் இரண்டு பக்கமும் சிவந்து வீங்கி, மேலே வெள்ளை வெள்ளையாய்ப் புள்ளி. கிளினிக் டாக்டர் டான்சில் என்றார், மாத்திரை கொடுத்தார், இரண்டு நாள் லீவுக்கு எம்சி எழுதினார். சரியாகிவிட்டது. அடுத்த மாதமே மறுபடி வந்தது. அதற்கடுத்தும் வந்தது.

மூன்றாவது முறை வந்தபோது அக்கரையில் பிறை என்ற ஊரில் ஒரு கல்யாணம். பாதி நிகழ்ச்சியில் குரல் அடைத்துக்கொண்டது. யுகேந்திரன் சட்டென்று மைக்கை வாங்கிச் சமாளித்தான். இறங்கி வந்தபோது பெண்வீட்டார் ஒருவர் அவன் தோளைத் தட்டி, "தம்பி, நீயும் நல்லாத்தான் பேசுற லா!" என்றார். யுகேந்திரன் வெட்கப்பட்டுச் சிரித்தான். பக்கத்தில் நின்ற பீட்டர் அந்தச் சிரிப்பைப் பார்த்தான். அது அவனுக்குப் பிடிக்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தான். பினாங்குப் பாலத்தின் மேல் வரும்போது ஒரு விஷயம் பளிச்சென்று பட்டது. தொண்டை பிடித்துக்கொண்ட மூன்று தடவையும் அதற்கு முந்தைய வாரம் யுகேந்திரனோடு நிகழ்ச்சி இருந்தது. மூன்று தடவையும் இஞ்சித் தண்ணீர் குடித்திருக்கிறான். எல்லா வாரமும்தான் நிகழ்ச்சி இருந்தது, எல்லா வாரமும்தான் குடித்தான் என்பது அப்போது அவன் மண்டையில் ஏறவில்லை.

அடுத்த நிகழ்ச்சியில் பீட்டர் வீட்டிலிருந்தே தண்ணீர் கொண்டுபோனான்.

"என்ன அண்ணே, நம்ம தண்ணி வேணாமா?"

"டாக்டர் காரம் வேணாம்னாரு."

யுகேந்திரன் மூடியில் ஊற்றிய தண்ணீரைத் தானே குடித்துவிட்டு வயரைச் சுற்றப் போனான். 'முழுசாகக் குடித்தானா, சும்மா உதட்டில் வைத்தானா' என்று பீட்டர் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தண்ணீரை மாற்றியும் தொண்டை விடவில்லை. அப்படியானால் மைக்காக இருக்கும் என்று தோன்றியது. கண்டவனெல்லாம் பாட்டுப் பாடுகிற மைக், எத்தனை பேர் எச்சில் தெறிக்கிறதோ! சொந்தமாக ஒரு மைக் வாங்கி, துணியில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டான். யுகேந்திரன் அதை வாங்கி வயரில் சொருகும்போதுகூட, "தலைப்பக்கம் கை வைக்காத" என்றான் பீட்டர். யுகேந்திரன் கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டான். முகம் ஒரு மாதிரி ஆனது.

பிப்ரவரியில் பங்குக் கோயிலில், தொண்டை நோய்க்குக் காவலரான புனித பிளேசியார் திருநாள். இரண்டு மெழுகுவத்திகளைக் குறுக்காகக் கட்டி, வரிசையில் வருகிறவர்களின் தொண்டையில் வைத்துச் சாமியார் மந்திரிப்பார். பீட்டர் முதல் ஆளாக நின்றான். மெழுகுவத்தி தாடையில் பட்டபோது கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அந்த மாதம் முடிவதற்குள் மறுபடி காய்ச்சல். தனக்கு மந்திரித்தது பங்குச் சாமியார் இல்லை, வெளியூரிலிருந்து வந்த உதவிச் சாமியார் என்பது ஞாபகம் வந்தது. "அவர் அவசர அவசரமா வெச்சாரு" என்று மோனிக்காவிடம் முணுமுணுத்தான்.

"சாமியார் மேலயும் சந்தேகமா?" என்றாள் அவள். "முதல்ல அந்த மாத்திரைய ஒழுங்கா முடிங்க."

மாத்திரை விஷயத்தில் அவனுக்குத் தனிக் கணக்கு இருந்தது. வலி நின்றதும் நிறுத்திவிடுவான். அதற்கு மேல் தின்றால் உடம்பில் விஷம் சேரும் என்பது அவன் முடிவு. மீதியைக் குப்பையில் போடவும் மனம் வராது. அலமாரியில் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பான். போகப் போகக் கிளினிக் பக்கமே போவதில்லை. எத்தனை தடவை போனாலும் அதே மாத்திரை, அதே பேச்சு. ஒரேயடியாகக் குணமாகிவிட்டால் அவர்களுக்கு வியாபாரம் ஏது என்று நினைத்தான். தொண்டை வலித்தால் டின்னைத் திறந்து ஏதாவது இரண்டைப் போட்டுக்கொள்வான்.

அதற்கு ஆபீசும் ஒரு காரணம். மேலாளர் நோர்மா நல்ல பெண்மணிதான். ஆனால் ஐந்தாவது எம்சியை மேசையில் வைத்தபோது, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வெள்ளிக்கிழமை தொண்டை வலி, சனிக்கிழமை கல்யாணத்தில் மைக்கா, பீட்டர்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். யாரோ அவன் மேடையில் நிற்கும் படத்தை முகநூலில் போட்டிருக்கிறார்கள். அன்றிலிருந்து எம்சி எடுப்பதையே விட்டுவிட்டான். படத்தை நோர்மாவிடம் காட்டியது யார் என்று ஆபீஸில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு திரிந்தான்.

யுகேந்திரனின் தங்கை காமினிக்குக் கல்யாணம் கூடியது. நிபோங் திபாலில் மண்டபம், ஞாயிற்றுக்கிழமை மதிய விருந்து. "நீங்கதான் அண்ணே பேசணும். வேற யாரு குரலும் அன்னிக்குக் கேக்கக் கூடாது" என்று யுகேந்திரன் மாதங்களுக்கு முன்பே சொல்லி வைத்திருந்தான்.

கல்யாணத்துக்கு முந்தின வியாழக்கிழமை தொண்டை வலி ஆரம்பித்தது. இந்த முறை வலி வேறு மாதிரி. இடது பக்கம் மட்டும். காதுக்குள் கம்பியை விட்டுக் குடைவதுபோல இருந்தது. சனிக்கிழமை கஞ்சிகூட இறங்கவில்லை. வாய் முழுசாகத் திறக்கவில்லை. டின்னிலிருந்த மாத்திரையைப் பொடியாக்கித் தண்ணீரில் கரைத்துக் குடித்தான்.

யுகேந்திரன் போன் செய்தான்.

"அண்ணே, குரல் ஒரு மாதிரி இருக்கே? முடியலன்னா சொல்லிருங்க. நான் வேற ஏற்பாடு பண்ணிக்கறேன்."

வேற ஏற்பாடு. அந்த இரண்டு சொல்லும் பீட்டரின் காதில் ஊசியாய் இறங்கின. ஆக, ஆள் தயாராக இருக்கிறான். இத்தனை நாளும் இதற்குத்தான் காத்திருந்தானோ?

"எனக்கு ஒண்ணுமில்ல. வந்துர்றேன்" என்று போனை வைத்தான்.

"கண்ணெல்லாம் செவந்து கெடக்கு. ஆஸ்பத்திரிக்குப் போவோம் வாங்க" என்று மோனிக்கா கெஞ்சினாள். அவன் தலையை ஆட்டிவிட்டுச் சட்டைக்கு இஸ்திரி போட்டான்.

மண்டபத்தில் முந்நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். தோட்டத்திலிருந்து குடும்பம் குடும்பமாக மோட்டார் சைக்கிளில் வந்திறங்கியிருந்தார்கள். இரண்டு நாளாகச் சாப்பிடாத பீட்டருக்கு மேடைப் படி ஏறும்போதே கால் தள்ளாடியது, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். வியர்வை கோட்டை நனைத்திருந்தது. மைக்கை எடுத்து வணக்கம் சொன்னான்.

வணக்கம் வெளியே வரவில்லை. வாய் நிறையச் சோற்றை அடக்கிக்கொண்டு பேசுகிறவன்போல ஏதோ ஒரு குழறல் வந்தது. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பீட்டர் தொண்டையைச் செருமிவிட்டு மறுபடி முயன்றான். "மணமக்கள்" என்பது "வவவக்கள்" என்று மண்டபம் முழுக்க எதிரொலித்தது. விழுங்க முடியாத எச்சில் வாயோரம் வழிந்து கோட்டில் சொட்டியது.

"காலையிலயே ஏத்திட்டாரு போல லா" என்று ஒருவர் சத்தமாகவே சொன்னார். ஒரு மேசை முழுக்கச் சிரித்தது.

யுகேந்திரனின் அப்பா முதல் மேசையிலிருந்து எழுந்துவிட்டார். "யார்ரா இவன மேடையில ஏத்துனது? குடிச்சிப்புட்டு வந்து நிக்கிறான், எறக்குடா கீழ!"

யுகேந்திரன் ஓடி வந்து மைக்கைப் பிடுங்கினான். அவன் கண் கலங்கியிருந்தது. "என் தங்கச்சி கல்யாணத்துலயா அண்ணே?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான். அதற்கு மேல் அவன் பீட்டரைப் பார்க்கவில்லை. கூட்டத்தின் பக்கம் திரும்பி, நடுங்குகிற குரலில் தானே மணமக்களை அழைக்க ஆரம்பித்தான்.

பீட்டர் கையை ஆட்டினான். தொண்டையைத் தொட்டுக் காட்டினான். அதுவும் குடிகாரனின் சேஷ்டை போலவே இருந்தது. நாலாவது மேசையிலிருந்து மோனிக்கா ஓடி வந்து, "அவர் குடிக்கலங்க, உடம்பு முடியலங்க" என்று வழியில் நின்றவர்களிடமெல்லாம் சொன்னாள். தவில் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. கேட்டவர்களும், பெண்டாட்டி அப்படித்தானே சொல்வாள் என்று ஒதுங்கி வழிவிட்டார்கள். இருவரும் சமையல்கட்டுப் பக்கக் கதவு வழியாக வெளியே போனார்கள்.

மோனிக்கா காரை எடுத்தாள். பாலத்தைத் தாண்டித் தீவிலிருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை அவன் ஒரு துண்டை வாயில் வைத்துக்கொண்டு முன்னால் குனிந்தே இருந்தான். சாய்ந்தால் மூச்சு முட்டியது.

அவசரப் பிரிவில் பார்த்தவர் சித்தி ஹாஜரா என்ற இளம் டாக்டர். வாயைத் திறக்கச் சொன்னார். ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் திறந்தது. டாக்டர் முகத்தை அருகில் கொண்டுவந்து மூச்சை இழுத்தபோது பீட்டர் பின்வாங்கினான். இவரும் சாராய வாடை இருக்கிறதா என்று பார்க்கிறார்!

டாக்டர் மோனிக்காவிடம் மலாயில் சொன்னார்: "வாடையிலேயே தெரிகிறது, உள்ளே சீழ் கட்டியிருக்கிறது. டான்சிலுக்குப் பின்னால் பெரிய கட்டி. உள்நாக்கையே அந்தப் பக்கம் தள்ளிவிட்டது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் மூச்சுக்குழாயை அடைத்திருக்கும்."

மரத்துப்போகும் மருந்தைப் பீய்ச்சிவிட்டு, ஊசியை உள்ளே விட்டு இழுத்தார்கள். பிறகு கத்தியால் கீறிவிட்டார்கள். பீட்டர் நாற்காலியின் கையை முறித்துவிடுவதுபோலப் பிடித்திருந்தான். கிண்ணம் நிறையச் சீழும் இரத்தமுமாகத் துப்பினான். துப்பி முடித்ததும் நாலு நாளாகக் கழுத்தைப் பிடித்திருந்த கை விட்டுவிட்டதுபோல இருந்தது. அழுதுவிட்டான்.

வார்டில் சேர்த்து மருந்து ஏற்றினார்கள். மறுநாள் டாக்டர் வந்தபோது மோனிக்கா பையிலிருந்து பிஸ்கட் டின்னை எடுத்து, மூடியைத் திறந்து கட்டிலில் வைத்தாள். டாக்டர் கலர் கலரான அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். எல்லாம் பாதி பாதி.

"இதனால்தான் திரும்பத் திரும்ப வந்ததா?" என்று மோனிக்கா கேட்டாள்.

"இதுவும் ஒரு காரணம். பாதியில் நிறுத்தினால் கிருமி அடங்கினதுபோல இருந்துவிட்டு மறுபடி கிளம்பும். சிலருக்கு முழுசாகச் சாப்பிட்டாலும் திரும்ப வரும். வருஷத்தில் இத்தனை தடவை வந்து, இப்போது கட்டியும் வந்துவிட்டதால், புண் ஆறின பிறகு டான்சிலை எடுத்துவிடுவது நல்லது."

பேசக் கூடாது என்பதால் பீட்டர் கைப்பேசியில் தட்டி டாக்டரிடம் நீட்டினான். டாக்டர் படித்தார். புருவம் சுருங்கியது. கைப்பேசியை மோனிக்காவிடம் கொடுத்தார். 'குடிக்கிற தண்ணீரில் யாராவது ஏதாவது கலந்தால் இப்படி வருமா?' என்று எழுதியிருந்தது.

"வராது" என்று டாக்டர் மெதுவாகச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

"யாரு கலந்தா?" என்றாள் மோனிக்கா.

அவன் தட்டினான்: யுகேந்திரன்.

மோனிக்காவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு முகம் மாறியது. "அந்தப் புள்ள நேத்து தங்கச்சி கல்யாண மேடையில அழுதுகிட்டே பேசிச்சு. நீங்க இத மனசுல வெச்சிக்கிட்டா அங்க போய் நின்னீங்க?" பீட்டர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அடி விழ ஆரம்பித்தது. அடுத்த மாதத்துக் கல்யாணக்காரர் போன் செய்து, வேறு ஆள் பார்த்துவிட்டதாகச் சொன்னார். ஒரு பிறந்தநாள்காரர் போனையே எடுக்கவில்லை. மேடையில் அவன் குழறிய காட்சியை யாரோ படம்பிடித்து அனுப்பியிருந்தார்கள். 'மைக் பீட்டர் ஃபுல்' என்று தலைப்பு. பீட்டர் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தான். எந்தப் பக்கத்திலிருந்து எடுத்திருக்கிறார்கள்? ஸ்பீக்கர் வைத்திருந்த இடது மூலையிலிருந்துதான். அங்கே நின்றது யுகேந்திரன்.

"போய் நேரா கேளுங்க" என்றாள் மோனிக்கா. "இல்லன்னா இந்தப் பேச்ச இன்னியோட விடுங்க."

ஒரு சனிக்கிழமை காலை பட்டர்வொர்த்துக்குப் போனான். யுகேந்திரன் கடைவீட்டு வாசலில் ஒரு ஸ்பீக்கரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எழுந்திருக்கவில்லை. ஒரு ஸ்டூலைக் காலால் நகர்த்திவிட்டான்.

"ஆஸ்பத்திரியில இருந்தேன்" என்றான் பீட்டர்.

"தெரியும். மோனிக்கா அக்கா போன் பண்ணாங்க."

"தெரிஞ்சும் வந்து பாக்கல."

"எப்படி அண்ணே வர்றது? அப்பா முன்னால நான்தான உங்கள எறக்குனேன். குடிச்சிருக்கீங்கன்னுதான் நானும் நெனச்சேன். இல்லன்னு தெரிஞ்சப்புறம் எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு வர்றது?"

"படம் எடுத்து அனுப்பினது யாரு?"

"மாப்பிள்ள வீட்டுப் பையன். அழிக்கச் சொல்லிட்டேன். அதுக்குள்ள ஊரு சுத்திருச்சு." யுகேந்திரன் ஸ்குரூவைக் கீழே வைத்தான். "நான்னு நெனச்சீங்களா?"

பீட்டர் ஸ்டூலைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டான்.

"என் தண்ணியக் குடிக்காம விட்டீங்க. மைக்கத் தொடாதன்னீங்க. புரியாதா எனக்கு? ஒரு நாள் கேப்பீங்க, வாய்விட்டுச் சொல்லிருவோம்னு பாத்தேன். நீங்க கேக்கவே இல்ல. அப்புறம் எனக்கும் கோவம். அதான் அன்னிக்கு நீங்க தள்ளாடுனதும் டக்குனு நம்பிட்டேன். நல்ல மனசோட இருந்திருந்தா உங்க கண்ணப் பாத்தே தெரிஞ்சிருக்கும்."

சாலையில் லாரி ஒன்று போனது. பீட்டர் குனிந்து ஒரு ஸ்குரூவை எடுத்து, எந்த ஓட்டையில் போடுவது என்று கேட்டான். யுகேந்திரன் காட்டினான். இருவருமாக அந்த ஸ்பீக்கரை மூடி முடித்தார்கள். கட்டிப்பிடித்துக்கொள்ளவில்லை. கிளம்பும்போது யுகேந்திரன் மட்டும், "ஆபரேஷன் பண்ணிக்குங்க அண்ணே" என்றான்.

ஆபரேஷன் என்றதும் பீட்டரின் சந்தேகம் முழுசும் டாக்டர்கள் பக்கம் திரும்பியது. குரல் போய்விட்டால்? மயக்கத்தில் வேறு எதையாவது வெட்டிவிட்டால்? குரல் உண்டாகும் இடம் வேறு, டான்சில் இருக்கும் இடம் வேறு என்று டாக்டர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். "என் ஆபரேஷனுக்குன்னு தனியா ஒரு படம் போடல, எல்லாருக்கும் இதே படத்தத்தான் காட்டுறாங்க" என்று வெளியே வந்து மோனிக்காவிடம் சொன்னான். கையெழுத்துப் போடுவதாகவும் மாட்டேன் என்றும் இரண்டு முறை மாறினான். அதற்குள் தொண்டை மறுபடி கரகரக்க ஆரம்பித்தது. பயத்தில் போட்டுவிட்டான்.

பெரியவர்களுக்கு இந்த ஆபரேஷன் சும்மா இல்லை. கண் விழித்தபோது கண்ணாடித் துண்டுகளை விழுங்கினதுபோல இருந்தது. தொண்டையில் வெள்ளையாய்ப் பொருக்குக் கட்டியதைப் பார்த்துச் சீழ் என்று அலறி, அர்த்த ராத்திரி என்றும் பாராமல் மோனிக்காவை எழுப்பினான். புண் ஆறும்போது அப்படித்தான் இருக்கும் என்று அவள் வாசித்துக் காட்டிய பிறகும், கண்ணாடியை விட்டு நகரவில்லை. ஆனால் இந்த முறை கொடுத்த மாத்திரையைக் கடைசிவரை விழுங்கினான். அட்டை காலியானதும் மோனிக்கா அதை வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "என்ன பாக்குற?" என்றான். "உங்ககிட்டக் கத்துக்கிட்டதுதான்" என்றாள்.

அந்த வருஷம் முடிந்தது. காய்ச்சல் வரவில்லை, எம்சியும் கேட்கவில்லை. நோர்மாகூட ஒரு நாள், "இப்போதெல்லாம் உடம்புக்கு ஒன்றுமே வருவதில்லையே" என்று சந்தேகமாகக் கேட்டார். குரல் முன்பைவிடக் கொஞ்சம் திறந்த மாதிரி இருக்கிறது என்று சிலர் சொன்னார்கள், அதே குரல்தான் என்று சிலர் சொன்னார்கள். பீட்டர் இரண்டு கட்சியையும் நம்பவில்லை.

நிகழ்ச்சிகள் மெதுவாகத்தான் திரும்ப வந்தன. முதலில் வந்தது தாசேக் கெலுகோரில் ஒரு குழந்தையின் பிறந்தநாள். யுகேந்திரன் சொல்லிக் கிடைத்தது. வேன் முன்னால் போக, பீட்டர் பின்னால் காரில் போனான். மண்டப வாசலில் குழந்தையின் பெரியப்பா நின்றிருந்தார். பீட்டர் கை கொடுத்தபோது கையை விடாமல் பக்கத்தில் இழுத்து, எதையோ காதில் சொல்வதுபோல முகத்தைக் கிட்டத்தில் கொண்டுவந்தார். மூக்கு மெல்ல அசைவதைப் பீட்டர் பார்த்தான்.

யாராவது இப்படித் தன்னைச் சோதித்தால் அந்த இடத்திலேயே கையை உதறிவிட்டுப் போகிற ஆள்தான் அவன். அன்று அசையாமல் நின்றான். அவருக்கு வசதியாக வாயைக் கொஞ்சம் திறந்தும் வைத்தான்.

"நல்லா இழுத்துப் பாருங்கண்ணே" என்றான். "காலையில ரெண்டு இட்லி, பாலில்லாம ஒரு கோப்பி ஓ. வேற ஒண்ணும் இல்ல."

பெரியப்பா அசடு வழியச் சிரித்துக் கையை விட்டார். உள்ளேயிருந்து யுகேந்திரன் மைக்கைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. பீட்டர் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மேடைக்குப் போனான்.